நான் பிரித்த கட்டு

என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன். காலை ஒன்பதரைக்கு என்று நேரம் குறித்திருந்தார்கள். அதை மதியம் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்த புண்ணியவதி நான்தான். டாக்டர் தாமதிக்கவில்லை, கரண்டும் போகவில்லை. கட்டிய மனைவி செய்த வேலை அது.

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் மேலேயிருந்து ரத்தமும் கறையுமாக இறங்கும். கழுவி, உலர்த்தி, பட்டியலை வைத்து எண்ணி, தட்டில் அடுக்கி, இரண்டு துணியில் சுற்றி, டேப் ஒட்டி நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவோம். வெளியே வரும்போது டேப்பில் உள்ள கோடுகள் கறுத்திருக்கும். கறுத்துவிட்டால் கிருமி செத்தது என்று அர்த்தம், நம் வேலை முடிந்தது. பிறகு அந்தக் கட்டை ஆபரேஷன் தியேட்டர் மேசையில்தான் பிரிக்க வேண்டும். நடுவில் யாராவது பிரித்தால், பிரித்த நொடியே எல்லாம் வீண். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எனக்கு யாரையும் நம்பத் தெரியாது. இன்னொருவர் எண்ணியதை நான் எண்ணுவேன். நான் எண்ணியதையும் நானே எண்ணுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை ‘மறுபடி அக்கா’ என்பார்கள். காதில் விழாத மாதிரி போய்விடுவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வால்வு சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் நான் கண் மூடவில்லை. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்த மார்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தபடியே கிடப்பேன். ஜெபம் பண்ணவில்லையா என்று கேட்காதீர்கள். விழுந்து விழுந்து பண்ணினேன். “ஆண்டவரே, இவரை உங்க கையில கொடுக்கிறேன்” என்பேன். ஆமென் சொல்லி எழுந்த இரண்டாவது நிமிஷம், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரருக்கு ஆபரேஷன் என்றால் அந்தத் தட்டை நாம் தொடக்கூடாது. பதற்றத்தில் கை தவறும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். அதனால் அன்றைய தட்டு, மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் நாங்கள் கண்ணாடிக்காரர் என்று அழைப்பவரின் பொறுப்புக்குப் போனது. சலவைப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து நான்கே மாதம் ஆன மனிதர். ஐம்பதைத் தாண்டியவர், நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். அவர் ஒரு இடுக்கியைத் துடைத்து முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

“கொக்கி ஏழும் வச்சீங்களா?” என்று கேட்டேன்.

“வச்சேன் அக்கா. எண்ணி, பட்டியல்ல கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

பட்டியலைப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. டேப்பைப் பார்த்தேன். கோடுகள் கன்னங்கரேலென்று இருந்தன. எட்டரை மணிக்கு அவர் லிஃப்டைக் கூப்பிடப் போனார். ஆறிய கட்டும் நானும் மட்டும் அறையில். கொக்கி ஆறுதான் இருந்தால்? மார்பைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் ஏழாவது கொக்கிக்குக் கை நீட்டினால்? என் கை தானாகப் போய் டேப்பைக் கிழித்தது.

ஏழு கொக்கியும் இருந்தன. நான் அடுக்குவதைவிட நேர்த்தியாகவே அடுக்கியிருந்தார். எதுவும் குறையவில்லை என்பதுதான் கொடுமை.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்து, விரிந்து கிடந்த துணியைப் பார்த்தார். “பிரிச்சிட்டீங்களா அக்கா?” என்றார். அதட்டியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டதும் தலையை மட்டும் ஆட்டினேன். மாற்றுத் தட்டு விடியற்காலையிலேயே ஒரு அவசர கேஸுக்குப் போயிருந்தது. தியேட்டர் சிஸ்டருக்குப் போன் செய்து, நான்தான் செய்தேன் என்று நானே சொன்னேன். அவர் ஆபரேஷனைப் பன்னிரண்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் கருவிகளைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனார். உதவிக்குக் கை நீட்டினேன்.

“நீங்க மேல போங்க அக்கா. தொடாம இருக்கிறதுதான் இன்னைக்கு உங்க வேலை.”

என் வீட்டுக்காரர் பச்சை அங்கி போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். இருபது பிள்ளைகள் கத்தும்போதும் சிரித்துக்கொண்டு ஓட்டுகிற ஆள். நடந்ததைச் சொன்னேன், அழுதேன்.

“உங்க உயிரோட விளையாடிட்டேன்” என்றேன்.

“விளையாடலை. மறுபடி ஒரு தடவை பாத்திருக்க, அவ்வளவுதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு சொல்லவா? மூணு மாசமா நான் தூங்குற மாதிரி நடிச்சிட்டுதான் இருந்தேன். நான் தூங்கினாலாவது நீ தூங்குவியேன்னு. நீ அசையலை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமும் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் விழித்துக் கிடந்திருக்கிறோம்.

“உள்ள எனக்கு மருந்து கொடுத்துத் தூங்க வச்சிடுவாங்க. உன்னை யாரு தூங்க வைக்கிறது?” என்றார். “ஆண்டவர்கிட்ட கேளு. கேட்டுட்டுத் தூங்கு. எனக்காக இதைச் செய்.”

பன்னிரண்டுக்குத் தள்ளுகட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வழக்கம்போல என் பட்டியல் தொடங்கியது. டாக்டர் கை நடுங்கக் கூடாது ஆண்டவரே. மயக்க மருந்து அளவு தப்பக் கூடாது. ரத்தம் போதுமான அளவு இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் டீசல் இருக்க வேண்டும்.

டீசலில் வந்து நின்றுவிட்டேன். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு நான் டீசலை நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறேன்! எனக்கே சிரிப்பு வந்தது. காலையில் கட்டுக்குச் செய்ததைத்தான் மூன்று மாதமாக என் ஜெபத்துக்கும் செய்துகொண்டிருந்தேன். கொடுப்பேன், பிரிப்பேன், கொடுப்பேன், பிரிப்பேன். பாரம் சுமந்து களைத்தவர்களை இளைப்பாறத் தம்மிடம் வரச் சொன்ன இயேசு, பாரத்தை எண்ணிச் சரிபார்த்துவிட்டு வரச் சொல்லவில்லை. களைத்தவர்கள் என்றால் வேறு யாரோ என்று சின்ன வயதிலிருந்தே நினைத்துவிட்டேன். களைத்தவள் நான்தான்.

“இயேசுவே, நான் ஓஞ்சு போயிட்டேன்” என்றேன். “இவர் எனக்குப் புருஷன் ஆகுறதுக்கு முன்னாடியே உங்க பிள்ளை. பிழைச்சு வந்தாலும் உங்க கையிலதான், வராட்டியும் உங்க கையிலதான். இனி நான் திறந்து பாக்க மாட்டேன்.”

‘வராட்டியும்’ என்ற சொல்லைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.  ஆனால் சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ ஒன்று இறங்கியது. தோள் இறங்கியது, பல்லைக் கடித்திருந்த தாடை இறங்கியது. பயம் இருந்த இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் எனக்கு நினைவு.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. கழுத்து சுளுக்கியிருந்தது. யாருடைய சால்வையோ என் மேல் கிடந்தது. எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள்.

“எழுந்துட்டியா மகாராணி? அஞ்சு மணி நேரம்! புருஷன் உள்ள கிடக்கான், இவ வாயைப் பொளந்து குறட்டை விடுறா. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் என்னைப் பாக்குறாங்க. எனக்கு மானமே போச்சு.”

“அண்ணி, ஆபரேஷன்?”

“முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.” அவள் குரல் உடைந்தது. “புது வால்வு ஜம்முன்னு வேலை செய்யுதாம். டாக்டரே வந்து சொன்னார். உன்னை எழுப்பப் போனேன். ‘விடுங்கம்மா, தூங்கட்டும், நல்ல செய்திதானே, ஓடியா போகும்’னு சொல்லிட்டுப் போயிட்டார். கீழே இருந்து அந்தக் கண்ணாடி போட்டவர் வந்து, விஷயம் கேட்டு, சந்தோஷப்பட்டு, உனக்குச் சால்வையும் போத்திட்டுப் போனார். தரை பெருக்குற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.”

ஆக, அந்தக் கட்டடத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். எல்லாவற்றையும் முதலில் நான் பார்த்தாக வேண்டும் என்று பத்தொன்பது வருஷம் ஆட்டிவைத்தவள். நான் பார்க்காமலே அவர் மார்பைத் திறந்து, சரிசெய்து, மூடித் தைத்து முடித்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு நான் காவல் இல்லாத அந்த ஒரு மணி நேரமும் அவர் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, “ஸ்தோத்திரம் ஆண்டவரே!” என்று கத்தினேன். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் ஓடிவந்து, “அம்மா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க” என்றாள்.

“தெரியும்மா, நான் இங்கதான் வேலை பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாக ஒரு முறை கத்தினேன். இந்த முறை நாத்தனாரும் கூடச் சேர்ந்துகொண்டாள்.