எண்ணெய் வைக்கிறவங்களும் உலை வைக்கிறவங்களும்

அரியலூர்க் கடைத்தெருவில் கடலை மண்டி வைத்திருந்த பாலசுந்தரத்தின் தூக்கம் ஊரறிந்த தூக்கம். பக்கத்தில் இடி விழுந்தாலும், "நாளைக்கு வாங்க" என்று முனகிவிட்டுப் புரண்டு படுக்கும் ஆசாமி. அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் நோன்பு தொடங்கிய முதல் நாள் மட்டும் எப்படியோ விழித்துத் தொலைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நோன்பு மாதத்தில் சாகுல் ஹமீது பாவா முழங்கையில் அரிக்கேன் விளக்கை மாட்டிக்கொண்டு, தாயிரா என்னும் வட்டத் தோல் மேளத்தைத் தட்டிப் பாடியபடி தெருத்தெருவாக வருவார். நோன்பு பிடிக்கிறவர்கள் எழுந்து, விடியுமுன் சஹர் சோறு சாப்பிட்டாக வேண்டுமே, அதற்காகத்தான். கடைத்தெருவில் பாதி வீடு முஸ்லிம் வீடு. பாலசுந்தரத்துக்கு நேர் எதிர் வீடே தோல் மண்டி ஹுமாயூன் ராவுத்தருடையது. இது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமா என்ன? ஆனால் தூக்கம் கலைந்த மனுஷனுக்கு நியாயம் எங்கே தெரியும்? வேட்டியை அள்ளிச் சொருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"யோவ் பாவா! ஒங்க ஆளுங்களை எழுப்பு, வேணாங்கல. எங்களை எதுக்குய்யா எழுப்புற? என் வூட்டு வாசல்ல இந்தச் சத்தம் கேக்கப்படாது, சொல்லிட்டேன்!"

"சரிங்க மொதலாளி" என்றார் பாவா. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பாலசுந்தரம் பழையபடி குறட்டை விட்டார். தாம் போட்ட சத்தத்தையும் மறந்துபோனார்.

அது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறு வருஷம். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தன. பாலசுந்தரத்தின் ஒரே மகள் சுந்தராம்பாளுக்கு அது தலை தீபாவளி. மாப்பிள்ளை அழகேசன் உடையார்பாளையத்திலிருந்து வரப்போகிறார். இதில் சிக்கல் ஒன்று இருந்தது. போன தீபாவளிக்கு இந்த வீட்டில் சூரியன் உச்சிக்கு ஏறிய பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தையே தேடினார்கள். அது எப்படியோ சம்பந்தியம்மாள் காது வரைக்கும் போய்விட்டது. அந்த அம்மாள் மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "சூரியன் வர்றதுக்குள்ள எம் புள்ள தலையில எண்ணெய் வுழல்லன்னா, பொங்கலுக்கு ஒன்னைப் பொறந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

முன்னதாகவே வந்துவிட்ட சுந்தராம்பாள் இதை அழுகையோடு சொன்னாள். பெண்ணை அனுப்பிவிட்டு அரை வயிறு சாப்பிடுகிற தகப்பனுக்கு இதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்?

"டைம்பீஸுக்குச் சாவி குடுத்து வெச்சுடலாம்" என்றார் பாலசுந்தரம்.

"போன வருசமும் அது அடிச்சுது. நீங்கதான் தலகாணிக்கு அடியில போட்டு அமுக்கினீங்க" என்றாள் மனைவி ரத்தினம்மாள். "போய் அந்தப் பாவா காலைப் பிடிங்க."

மாலையில் நோன்பு திறக்கிற நேரத்தில் பாவா ஹுமாயூன் ராவுத்தர் வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வருவார். பாலசுந்தரம் அசடு வழிய அங்கே போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் ராவுத்தர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வாங்கண்ணே, வாங்க! சத்தமே கேக்கப்படாதுன்னவரு இப்ப சத்தம் வேணும்னு வந்திருக்காரு!"

"எழுப்பறதுக்கென்ன, எழுப்பறேன்" என்றார் பாவா. "என்னன்னு சொல்லி எழுப்பறது மொதலாளி? 'நோன்பாளிகளே, எழுந்திரிங்க'ன்னா, ஒங்க மாப்பிள்ளையை வூட்ல பட்டினி போட்டுடப் போறாங்க."

"'கங்கா ஸ்நானம் ஆச்சா'ன்னு கேளுங்க பாவா. தீபாவளி அன்னிக்கு ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கேட்டுக்குவோம்."

"நல்லாக் கேட்டாரு!" என்றார் ராவுத்தர். "எம் பொஞ்சாதி சோறு வடிச்சிட்டு நிக்கிறப்ப, குளிச்சாச்சான்னு கேட்டா கரண்டியோட தெருவுக்கு வந்துடுவா."

"அப்ப ஒங்க வாசல்ல ஒண்ணு, எங்க வாசல்ல ஒண்ணுன்னு மாத்திச் சொல்லட்டும்."

"அந்த இருட்டுல நான் வாசலைக் கண்டுபிடிக்கறதா, வார்த்தையைக் கண்டுபிடிக்கறதா?" என்றார் பாவா.

"சரிய்யா, பொதுவா 'எல்லாரும் நல்லா இருங்க'ன்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

"அதைக் கேட்டா இன்னும் நல்லாத் தூங்குவாங்க மொதலாளி."

கதவுக்குப் பின்னாலிருந்து ராவுத்தரின் மனைவி ரஷீதா குரல் கொடுத்தாள். "மூணு ஆம்பளைங்க சேந்து இந்தப் பாடு படுறீங்களே! எண்ணெய் வைக்கிறவங்க எண்ணெய் வைங்க, உலை வைக்கிறவங்க உலை வைங்க. அந்நேரத்துக்கு ஊர்ல வேற என்ன வேலை நடக்குது?"

அதுவே முடிவாயிற்று. பாலசுந்தரம் வீடு திரும்பும்போது அதைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வந்து இறங்கினார். ரத்தினம்மாள் அதிரசமும் முறுக்கும் சுட்டு ஓய்ந்து, பாவா எழுப்பிவிடுவார் என்ற தைரியத்தில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள். அதிசயமாகப் பாலசுந்தரத்துக்குத்தான் தூக்கம் வரவில்லை. பொங்கலுக்கு மகள் வராத வீட்டை நினைத்து நினைத்துப் பார்த்தார். மனசு கேட்காமல் எழுந்து தெருமுனைக்கு வந்தார். தாயிரா சத்தம் கேட்டது. கூடவே வரவேண்டிய குரலைக் காணோம்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு பாவா வேகமாக வந்தார். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. முந்தின இரவு, நோன்பு மாதத்தின் புனித இரவான இருபத்தேழாம் கிழமை. பள்ளிவாசலில் விடிய விடிய ஓதியதில் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது.

"வெறும் மேளத்துக்கு யாரும் எழுந்திரிக்கல மொதலாளி" என்று கிசுகிசுத்தார். "நேத்து பூரா முழிச்சவங்க, அசந்து கெடக்குறாங்க. பாங்கு சொல்லிட்டா ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது. பகல் பூரா அப்படியே கெடக்கணுமே!" அவர் கண் கலங்கியிருந்தது.

பாலசுந்தரம் தலையைச் சொறிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மண்டியில் ஏலம் கூவிக் கூவி உரமேறிய அந்தத் தொண்டையைத் திறந்தார்.

"எண்ணெய் வைக்கிறவங்க எண்ணெய் வைங்கோ! உலை வைக்கிறவங்க உலை வைங்கோ!"

முதல் கூப்பாட்டில் கூச்சம் இருந்தது. இரண்டாவதில் அது பறந்துவிட்டது. பாவா தாயிராவைத் தட்ட, இவர் கூவ, வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் அடுப்பு புகைந்தது, ஒரு பக்கம் கிணற்று உருளை கிறீச்சிட்டது. ராவுத்தர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு, பாலசுந்தரண்ணனா? ஏ ரஷீதா, வந்து பாரு! நான் முழிச்சிருக்கேனா, கனவு காணுறேனா?"

"சோத்தைத் தின்னுய்யா!" என்றார் பாலசுந்தரம். அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை.

அப்படியே பாலசுந்தரத்தின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சட்டென்று மேளம் நின்றது. பாவா உள்ளங்கையைத் தாயிராவின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கால் சத்தம்கூடக் கேட்காமல் அந்த வாசலைத் தாண்டினார். தாண்டியதும் கையை எடுத்தார்.

"ஏன் பாவா நிறுத்திட்டீங்க?"

பாவா நாக்கைக் கடித்துக்கொண்டார். "கை பழகிப் போச்சு மொதலாளி. நீங்கதான சத்தம் கேக்கப்படாதுன்னீங்க."

"அன்னிலேருந்து தெனமுமா?"

"தெனமுந்தான்."

பாலசுந்தரத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. தூக்கக் கலக்கத்தில் உளறியதை இந்த மனுஷன் நோன்பு பூராவும் மனசில் வைத்துக்கொண்டு, இந்த வாசல் வந்தால் மேளத்தைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இடி விழுந்தால்கூட எழாதவனுக்கு இந்த மரியாதை ஒரு கேடா என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். கூவ வந்ததே மறந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டு பாவாவின் பின்னால் நடந்தார். பள்ளிவாசல் தெரு வந்த பிறகுதான் மறுபடி கூவத் தொடங்கினார். அதற்கப்புறம் ஒரு வீட்டையும் விடாமல் எழுப்பினார்.

எல்லாம் முடிந்து கடைத்தெருவுக்குத் திரும்புகையில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தெரு முழுக்க வெளிச்சம். நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது.

"ஐயையோ! என் வூடு!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார் பாலசுந்தரம். "போச்சு பாவா, விடிஞ்சு போச்சு! எம் பொண்ணு பொங்கலுக்கு வர மாட்டா!"

"பதறாதீங்க. பாங்கு சொன்னா எங்களுக்குத்தான் சாப்பாடு முடிஞ்சுது. சூரியன் வர இன்னும் நேரம் கெடக்கு" என்று கிசுகிசுத்த பாவா, அந்த வாசலில் நின்று தாயிராவைக் கிழிந்துவிடும்போலத் தட்டினார். பாலசுந்தரம் கூவினார். எதிர்வீட்டிலிருந்து ராவுத்தரும் சேர்ந்து கூவினார்.

ரத்தினம்மாள் அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தாள். "ஊரையெல்லாம் எழுப்பிட்டு நம்ம வூட்டை வுட்டுட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா!" என்று கத்திக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையை எழுப்பப் போனாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியதும் கதவு திறந்தது. அழகேசன் பளிச்சென்ற கண்களோடு நின்றார்.

"நான் அப்பவே முழிச்சிட்டேன் அத்தை. மேளம் கேட்டுச்சு, மாமா கூவுறதும் கேட்டுச்சு. மாப்பிள்ளையைக் கூப்பிடுற வரைக்கும் எழுந்து வரப்படாதுன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன், கெடக்கேன், யாரும் கூப்பிட வரல!"

சுந்தராம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தார்கள். கிழக்கு அப்போதுதான் லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமா" என்றார் அழகேசன், எண்ணெய் கண்ணில் வழிய. "பொங்கலுக்கு இவளை நானே கூட்டிட்டு வரேன். ஆனா ஊரை எழுப்பினதை நீங்களே சொன்னாலும் அம்மா நம்ப மாட்டாங்க."

ஒவ்வொருவராகக் குளித்துப் புதுத்துணி கட்டினார்கள். ஒரு சரம் பட்டாசும் வெடித்தது. பாலசுந்தரம் வாசலிலேயே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாம் கூவிய கதையை அளந்துகொண்டிருந்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் பாவா அந்தப் பக்கம் வந்தார். சாயங்காலம் நோன்பு திறந்து சாப்பிடட்டும் என்று ரத்தினம்மாள் அதிரசத்தைத் துணியில் முடிந்து கொடுத்தாள்.

பாலசுந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இனிமே என் வாசல்ல தாயிராவைப் பொத்தாதீங்க. மத்த வாசலைவிட இங்கேதான் ஓங்கித் தட்டணும்."

பாவா அவரை மேலும் கீழும் பார்த்தார். கசங்கின வேட்டி, புழுதி படிந்த கால், பரட்டைத் தலை. இல்லாத குரலைக் கூட்டி மெதுவாகக் கேட்டார்:

"கங்கா ஸ்நானம் ஆச்சுங்களா மொதலாளி?"

பாலசுந்தரத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. சொட்டு எண்ணெய் இல்லை. எதிரே ராவுத்தர் வீட்டு ஓட்டின் மேல் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது.