மூன்றாம் சுற்று

முதல் இரண்டு சுற்றும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவதில் பிடித்தது. மகேந்திரராசா விரல்களை எடுத்துவிட்டார்.

வேட்டைத் துப்பாக்கி ஒன்று வைசின் தாடைகளுக்கு நடுவே இறுக்கப்பட்டுக் கிடந்தது. அவர் திருகிப் பார்த்தது, சுடும்போது தோளில் விழும் உதையைக் குறைக்க, குழாயின் வாயில் பூட்டும் உருக்குத் துண்டு. விரல் நீளம்தான் இருக்கும். துப்பாக்கிக்காரர் அதை வேறெங்கோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மகேந்திரராசா மரை அளக்கும் பல்தகட்டை எடுத்து இரண்டின் திருகு மரைகளிலும் வைத்துப் பார்த்தார். குழாயில் வெட்டியிருந்தது மில்லிமீட்டர் மரை. துண்டில் இருந்தது அங்குலக் கணக்கு மரை. மரைக்கு மரை மயிரிழைதான் வித்தியாசம். அதனால்தான் முதலில் சேருவதுபோல ஏமாற்றி உள்ளே விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்கிறது.

பட்டறை, பாரிசின் விளிம்பில் போர்த் து லா சப்பலுக்கு அப்பால், சென் தெனியில் இருந்தது. தகப்பனுக்குப் பிறகு பியட்றிஸ் அதை நடத்துகிறாள். நல்ல மனுசி, ஆனால் அவசரக்காரி. வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது, நாளை விடியப் புறப்படுகிற மனிதருக்கு இன்று கொடுத்தாக வேண்டும், முறுக்குச் சாவியைப் போட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினால் ஏறிவிடும் என்றாள். ஏறும், ஆனால் சரிந்து ஏறும் என்றார் அவர். குண்டு போகும் பாதையில் அதன் விளிம்பு நிற்கும். மயிரிழை சரிவுக்கு இவ்வளவு பயமா என்று கேட்டுக்கொண்டே அவள் தானே சாவியை எடுத்தாள். அப்போதுதான் அது அவர் வாயிலிருந்து வந்தது. இதால் ஒருவர் செத்ததைக் கண்ணால் கண்டவன் நான் என்றார். ஒன்பது வருடங்களாகத் தமிழில் ஒருவரிடமும் சொல்லாததைப் பிரெஞ்சில், நாலைந்து உடைந்த சொற்களில் சொல்லி முடித்துவிட்டார். பியட்றிஸ் சாவியை மேசையில் வைத்தாள்.

வன்னியில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் கடைசி மாதங்கள். இயக்கத்தின் பட்டறை ஒன்றில் அவர் கடைசல்காரர். ஒவ்வொரு திக்கிலிருந்தும் வந்த துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரை. சுடும் நெருப்பை மறைக்கும் வாய்த்துண்டுகள் பன்னிரண்டை மத்தியானத்துக்குள் பூட்டித் தரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்று நல்லபடி ஏறின. பன்னிரண்டாவது, மூன்றாம் சுற்றில் பிடித்தது. பல்தகடு கொட்டிலின் அடுத்த பக்கத்துப் பெட்டியில் இருந்தது. பத்து அடி நடந்திருந்தால் போதும். மூன்று நாளாக நித்திரை இல்லாத உடம்பு நடக்கவில்லை. சாவியைப் போட்டு முறுக்கினார். இரும்பு இரும்பைக் கடித்துக்கொண்டு வழிவிட்டது.

சுட்டுப் பார்ப்பது கரிகாலனின் வேலை. இவரைவிட இரண்டு வயது இளையவன். ஒரே பாயில் படுத்தவர்கள். எதையும் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு நேர் பார்க்காமல் சுடமாட்டான். அன்று கம்பியைக் கையில் எடுத்தவன், "அண்ணை, நீங்கள் பாத்ததோ?" என்று கேட்டான். ஓம் என்றார். "அப்ப சரி" என்று கம்பியைத் திரும்ப வைத்துவிட்டான்.

சுட்டபோது தெறித்த துண்டு அவன் கழுத்தில் ஏறியது.

போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியேறி, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு பாரிசுக்கு வந்து சேர்ந்ததும் அவர் முதலில் தேடியது கரிகாலனின் அக்கா கோசலையைத்தான். லா சப்பலில் சேலைக் கடையொன்றில் நிற்கிறாள் என்று கரிகாலனே சொல்லியிருந்தான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதென்று, மெத்ரோ ரயிலில் வரும் வழியெல்லாம் அந்த வசனத்தையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் கோசலை முந்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றீர்களா, வேதனைப்பட்டானா என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து, "இல்லை, உடனை போயிட்டான்" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்து, அது போதும் என்றாள். அதற்கு மேல் மிச்சத்தை எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை சொல்லலாம் என்று போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். வதிவிட அட்டைக்காகப் பெர்பெக்சர் கந்தோரில் வரிசையில் நிற்கத் துணைக்கு வந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தாள். அடுத்த வருடம் இருவருக்கும் கலியாணமும் முடிந்துவிட்டது. மார்க்ஸ் டோர்மோயில் ஒரு அறை வீடு. ஒவ்வொரு வருடமும் அவனுடைய திவசத்துக்குச் சமைத்து நாலு பேரைக் கூப்பிடுவாள். "என்ரை தம்பி நோகாமல் போனவன்" என்று வந்தவர்களுக்குச் சொல்வாள். அவர் பாயாசம் பரிமாறிக்கொண்டு நிற்பார்.

பியட்றிஸிடம் அதைச் சொன்ன கிழமையின் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, வழக்கம்போல அவளைக் கூட்டிப்போகக் கடைக்குப் போனார். கோசலை மரக்கறிப் பையோடு வாசலிலேயே நின்றாள். பையை அவரிடம் தரவில்லை. மெத்ரோப் பாலத்தைக் கடந்து நடந்தார்கள்.

"பியட்றிஸ் கடைக்கு வந்தவ," என்றாள். "உங்களுக்கு நன்றி சொல்லச் சொக்கிளேற் கொண்டுவந்தவ. நீங்கள் மறிச்சிருக்காட்டி அந்தத் துவக்குக்காரன் செத்திருப்பான் எண்டவ. முந்தி ஒருத்தர் செத்ததைக் கண்டனீங்களாம்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் செத்தது?"

எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். செத்தவர்களுக்கா பஞ்சம்? அவளும் நம்பியிருப்பாள். எத்தனையோ பெயர்கள் நாக்கின் நுனிவரை வந்து நின்றன.

"கரிகாலன்," என்றார்.

நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டாவது துண்டு, போகாத பத்து அடி, முறுக்கிய சாவி, ஓம் என்று சொன்ன வாய். தன் பக்கம் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. நித்திரையில்லாமல் இருந்ததைக்கூடச் சொல்லாமல் விட்டார். அவள் ஏசுவாள், அடிப்பாள், நடுத்தெருவில் குழறுவாள் என்று காத்திருந்தார். அவள் மரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"உடனை போயிட்டான் எண்டனீங்கள்," என்றாள்.

அவர் நின்றுவிட்டார். அவளும் நின்றாள்.

"எவ்வளவு நேரம் இருந்தவன்?"

"பொழுதுபடுமட்டும்."

"கதைச்சவனே?"

"அக்கா எண்டவன்."

"எத்தினை தரம்?"

அவர் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார். கோசலை தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல், எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்து வாங்கில் போய் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு பஸ் வந்து கதவைத் திறந்து, அவளுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனது. அவர் இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். கிட்டப் போகலாமா, போகக்கூடாதா என்று தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸும் வந்து போன பிறகு, அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை வெறுமையானது. தனக்காகத்தானா என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றார். அப்போது கைத்தடியோடு ஒரு ஆபிரிக்கக் கிழவி தெருவைக் கடந்து மெல்ல மெல்ல வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அந்த இருக்கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், நீ இருக்கப்போகிறாயா என்று கேட்பதுபோல.