மதிக்கு ஒரு பேய்ப்படம்

அன்புச்செல்வியின் யூடியூப் சேனலில் நட்சத்திர மதிப்பெண் கிடையாது. படத்துக்கு எலுமிச்சம்பழம்தான் கொடுப்பாள். லேசாகப் புல்லரித்தால் ஒன்று, பாத்ரூமுக்குப் போகத் துணை தேவைப்பட்டால் மூன்று. ஐந்து பழமும் வாங்கிய படங்கள் மிகக் குறைவு.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் விருத்தாசலம் என்பவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சுவரில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, எந்தப் பேய்ப்படம் பார்க்கலாம், எதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பேசுவாள். அக்டோபர் பிறந்தால் கூட்டம் கூடும். மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் என்ற வெளிநாட்டுப் பேய்க் கொண்டாட்டம் திண்டிவனத்தில் எந்தத் தெருவிலும் நடப்பதில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ரூமில் கும்பலாக உட்கார்ந்து பேய்ப்படம் பார்ப்பார்கள். என்ன பார்க்கலாம் அக்கா என்று கேட்டு மெசேஜ் குவியும்.

அம்மா லூர்துமேரிக்கு இதெல்லாம் பிடிக்காது.

"கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கற நேரத்துல நீ பேய்க்கு ஆள் சேத்துக்கினு இருக்கியே."

"பேய் இல்லம்மா, படம்."

"ரெண்டும் இருட்டுலதான வருது?"

அந்த வருஷம் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மெசேஜ் வந்தது. மரியாதையான மெசேஜ்.

"வணக்கம் மேடம். நான் ஜெகதீசன், விழுப்புரம். பம்புசெட் கடை வெச்சிருக்கேன். மதிக்கு ஒரு பேய்ப்படம் சொல்லுங்க. மதின்னா என் வொய்ஃப், கலைமதி. அவளுக்கு எதுக்குமே பயம் வர மாட்டேங்குது."

அன்புச்செல்வி சிரித்துக்கொண்டே ஒரு தாய்லாந்துப் படத்தைச் சொன்னாள். மறுநாளே பதில் வந்தது. "பரவாயில்ல மேடம். ஆனா பத்தல. கூட்டமா ஆள் இருக்கற படம் வேணாம். ஒரு பொம்பள வீட்ல தனியா இருக்கற மாதிரி சொல்லுங்க."

அப்படி ஒன்றைச் சொன்னாள். அடுத்து, மாடியில் காலடிச் சத்தம் கேட்கிற மாதிரி கேட்டான். அதற்கடுத்து, கரண்ட் போய்விடுகிற மாதிரி. கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. இந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ரசனையுள்ளவர் என்று நினைத்து, அவள் தேடித் தேடிச் சொன்னாள்.

"சூப்பர் மேடம். நேத்து நீங்க சொன்ன படம் நல்லா வேலை செஞ்சிது" என்று ஒருநாள் எழுதினான். வேலை செய்தது என்பது மாத்திரைக்குச் சொல்கிற வார்த்தை ஆயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டார்.

படம் பார்த்துப் பயப்படுபவர்களை வீடியோ எடுத்து அனுப்புங்கள், ஹாலோவீன் ஸ்பெஷலில் சேர்க்கிறேன் என்று அவள் சேனலில் அறிவித்திருந்தாள். ஜெகதீசன் முதல் ஆளாக அனுப்பினான். சோபாவில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிவி வெளிச்சம் முகத்தில் நீலமாக விழுகிறது. திடீரென்று உடம்பு தூக்கிப் போடுகிறது. அவ்வளவுதான். முன்னோட்டமாக அதைப் போட்டதும் சிரிப்புப் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. "அக்கா உயிரே போயிருச்சு போல" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது வீடியோ அடுத்த வாரம் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு அதை வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். படத்தின் ஓரத்தில் டிவி கொஞ்சம் தெரிந்தது. அதில் ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. யாராக இருந்தாலும் அந்தக் கதவைத்தான் பார்ப்பார்கள். கலைமதி பார்க்கவில்லை. அவள் கண் டிவியின் பக்கமே இல்லை. நேராக, செல்போனுக்குச் சற்று மேலே, அதைப் பிடித்திருப்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்புச்செல்வி பழைய வீடியோவை எடுத்து ஓடவிட்டாள். அதிலும் அப்படித்தான். டப்பாவை மூடினாள். போட்டிருந்த முன்னோட்டத்தை நீக்கினாள்.

சாயங்காலத்துக்குள் மெசேஜ் வந்துவிட்டது. "மேடம், மதி வீடியோ காணோமே."

"டெக்னிக்கல் பிராப்ளம் சார்."

"பரவாயில்ல. மதி உங்கள நேர்ல பாக்கணும்னு ஆசப்படறா. வெள்ளிக்கிழம திண்டிவனம் வர்றோம். கண்ணாடிக் கடை எங்கன்னு தெரியும்."

கடையைப் பற்றி அவள் சேனலில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். காலையிலிருந்தே மழை. மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் முதலில் இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, மனைவியின் தலைக்குக் குடை பிடித்தான். தான் நனைந்தபடியே அவளைப் படியேற்றினான். கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்து, "தங்கமான புள்ள" என்றாள்.

"மேடம், நான்தான் ஜெகதீசன். நம்ம கொல்லை மல்லாட்டைங்க" என்று வேர்க்கடலைப் பை ஒன்றை மேஜைமேல் வைத்தான். "இவதான் மதி. அடிக்கடி தலைவலிங்கறா. படமா பாத்துக் கண்ணு கெட்டுப்போச்சோ என்னவோ. டெஸ்ட் பண்ணிடுங்க."

கலைமதி உயரமான பெண். வேலை செய்து உரமேறிய கைகள். அந்தக் கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் அன்புச்செல்வி.

அவனும் எழுந்தான். "நானும் வரட்டுங்களா?"

"சின்ன ரூம் சார். டெஸ்ட் பண்றவங்க மட்டும்தான்."

"நீங்க உக்காருங்க தம்பி, டீ சொல்றேன்" என்றார் விருத்தாசலம்.

பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகை மட்டும் ஒளிரும். அன்புச்செல்வி சுவிட்சில் கை வைத்ததும் கலைமதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அணைக்காதீங்க அக்கா."

"சரி, அணைக்கல." பிறகு வெளியே கேட்கும்படி, "மேல் வரிலேருந்து படிங்க" என்றாள்.

"ப... ட... ம..." என்றாள் கலைமதி. குரல் உறுதியாகத்தான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்ல என்ன நடக்குது?" என்று காதோரம் கேட்டாள் அன்புச்செல்வி.

"எங்க வீடு ஊருக்கு வெளிய புதுசா போட்ட நகர்ல இருக்குது. அக்கம்பக்கம் வெறும் மனைங்கதான். படம் முடிஞ்சதும் மெயின ஆஃப் பண்ணிட்டு, வெளிய பூட்டிக்கினு போய்டுவாரு. வண்டி போற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மாடில யாரோ நடப்பாங்க. படத்துல வந்த மாதிரியே."

"அவரா?"

"அவருதான். அவரு செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பயமா இருக்குது அக்கா. அதான் பேஜாரே. காலைல வந்து தலையத் தடவிக் குடுத்துக்கினு, உன்னால ஒரு ராத்திரி தனியா இருக்க முடியல, முகையூர் குவாட்டர்ஸ்ல எப்டி இருப்பேன்னு கேப்பாரு."

நர்ஸ் வேலைக்கு முகையூர்ப் பக்கம் போஸ்டிங் வந்திருந்தது அவளுக்கு. திங்கட்கிழமை சேரவில்லை என்றால் போய்விடும். அவன் வேண்டாமென்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளே வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான்.

"அடிப்பாரா?"

"ஒரு தடவ கூட இல்ல. கத்தினது கூட இல்ல. நான் யார்கிட்டன்னு போய்ச் சொல்றது?"

"அந்தப் படமெல்லாம் நான்தான்..." என்றாள் அன்புச்செல்வி.

"தெரியும் அக்கா. மொதல்ல உங்க வீடியோவ போடுவாரு. அப்பறம்தான் படம்."

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, விரல் முட்டியால். "முடிஞ்சிதுங்களா மேடம்?"

"இன்னும் ரெண்டு வரி இருக்குது சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னால ஒரு வழி இருக்குது. சந்துல எறங்கினா மெயின் ரோடு."

கலைமதி தலையை ஆட்டினாள். "ஓடினா எனக்குப் புத்தி சரியில்லம்பாரு. சொந்தத்துல எல்லாருக்கும் அப்டித்தான் சொல்லி வெச்சிருக்காரு. உங்க போன குடுங்க. என்னோடது அவருகிட்ட இருக்குது."

மண்டகப்பட்டிலிருக்கும் அப்பாவை அழைத்தாள். "அப்பா, திண்டிவனம் வாங்க. ஜல்தி வாங்க. வந்துதான் சொல்லணும்" என்றாள். கடையின் இடத்தைச் சொல்லிப் போனை வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஜெகதீசன் கதவை ஒட்டி நின்றிருந்தான்.

"நான் உங்ககூட வரல" என்றாள் கலைமதி.

அவன் முகம் மாறவில்லை. விருத்தாசலத்தின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல?" என்றான். டீ குடிக்கும் நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தான்.

விருத்தாசலம் கலைமதியைப் பரிதாபமாகப் பார்த்தார். "புருஷன் கூட போம்மா. மருந்து மாத்திரைய ஒழுங்கா சாப்டா எல்லாம் சரியாய்டும். அன்பு, கடைல கலாட்டா வேணாம்."

"அவங்க அப்பா வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க சார்" என்றாள் அன்புச்செல்வி. முதலாளியிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஜெகதீசன் நாற்காலியில் உட்கார்ந்தான். "இருக்கட்டும். மாமா வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." மல்லாட்டைப் பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக உரித்து, தோலைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தான். ஒரு தோல்கூடக் கீழே விழவில்லை. நடுவில் நிமிர்ந்து, "அம்மா பேரு லூர்துமேரிதானுங்களே மேடம்?" என்று கேட்டான். மழைச் சத்தமும் மல்லாட்டை உடையும் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

கலைமதியின் அப்பா பெரியதம்பி பைக்கில் முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார். காலில் கொல்லைச் சேறு. மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"அடிச்சாரா?"

"இல்லப்பா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன பாப்பா?"

"நீங்களே கேளுங்க மாமா" என்றான் ஜெகதீசன். "பொண்டாட்டிகூட உக்காந்து படம் பாத்தது ஒரு தப்பா?"

நடந்ததைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று கலைமதிக்கே தெரிந்தது. அன்புச்செல்வி தன் போனில் அந்த வீடியோவை எடுத்து நீட்டினாள். கிழவர் கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. அவள் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"சத்தம் கேக்க வேணாம் ஐயா. உங்க பொண்ணு எங்க பாக்குதுன்னு மட்டும் பாருங்க."

பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சின்ன வயசுல நாய் கடிக்க வந்தப்பக்கூட இது இப்டிப் பாத்தது கெடையாது" என்றார், யாருக்கும் சொல்லாமல். மகளிடம், "வண்டில ஏறு" என்றார்.

"மழை பேயுது மாமா. மதி நனைவா. குடைய எடுத்துக்குங்க" என்று ஜெகதீசன் குடையை நீட்டினான். யாரும் வாங்கவில்லை. பைக் தெருமுனை திரும்பும் வரை அவன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான்.

அன்று அன்புச்செல்வி எந்தப் படத்தையும் சிபாரிசு செய்யவில்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. "ஹாப்பி ஹாலோவீன் மேடம். அந்த வீட்ல நீங்களும் அம்மாவும் மட்டும்தானே?"

அம்மாவிடம் காட்டினாள். லூர்துமேரி படித்துவிட்டு எழுந்து போய்ப் பின்கதவுக்குத் தாழ் போட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கலைமதி திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அதே வாரம் அவளும் அன்புச்செல்வியும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மெசேஜ்களையும் வீடியோக்களையும் பார்த்த இன்ஸ்பெக்டர் அம்மாள், "படம் போட்டுக் காட்னதுக்கு நான் என்னம்மா கேஸ் போடறது?" என்றார். ஆனாலும் பார்த்ததில் ஏதோ ஒன்று உறுத்தியிருக்க வேண்டும். புகாரை எழுதி வாங்கினார். ஜெகதீசனை வரவழைத்தார். இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அன்புச்செல்விக்கு அதற்குப் பிறகு மெசேஜ் வரவில்லை. ஆனாலும் அவள் கறுப்புப் போர்வையைச் சுவரில் மறுபடி மாட்டவில்லை.

முகையூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரில் பாஞ்சாலி என்பவளின் டீக்கடை இருக்கிறது. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். புதன்கிழமைதோறும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் விழுப்புரத்திலிருந்து வந்து, கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடிப்பான். யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலையே பார்த்திருந்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். டீ குடிப்பதற்குக் கேஸ் போட முடியாது.

ஒரு புதன்கிழமை கலைமதி ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. பாஞ்சாலியிடம் எல்லோருக்கும் கேட்கும் குரலில், "அக்கா, இவரு யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கி, மெயின் சுவிட்ச் முதல் மாடிக் காலடி வரை சொன்னாள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்து நின்று கேட்டார்கள். ஜெகதீசன் புன்னகை மாறாமல் டீயை முடித்தான், காசை வைத்தான், காரில் ஏறினான்.

அன்றைக்கே பாஞ்சாலி பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவன் வந்தான். நின்றுகொண்டே டீ குடித்தான்.