பொறுப்பு முதல்வர் விடமாட்டேங்கிறார்

இயற்பியல் விரிவுரையாளர் ராஜினாமாக் கடிதத்தோடு முதல்வர் அறை வாசலுக்கு வந்தபோது, அட்டெண்டர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. அவர் யாருக்காகவும் எழுந்து பார்த்ததில்லை.

“முதல்வர் இருக்காரா?”

“காலையிலேயே விலகிட்டாரும்மா. துணை முதல்வர் அவர் கடிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. கையோட அவங்களும் கிளம்பிட்டாங்க.”

“இப்போ யாரு பொறுப்பு?”

“இருக்கறவங்கள்ல சீனியர்.”

“அது யாரு?”

“நீங்கதாம்மா.”

“நான் போன வருஷம்தானே சேர்ந்தேன்!”

“அதைத்தான் சொல்றேன். மத்தவங்கல்லாம் இந்த வருஷம்.”

கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊர்க் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கே விடுவித்தால்தான் அங்கே சேர முடியும்.

“அப்போ நானே கையெழுத்துப் போட்டுக்கறேன். வழி விடுங்க.”

“தாராளமா போடுங்க. ஆனா, ஏன் போறீங்கன்னு உட்கார வெச்சுக் கேட்டுட்டுத்தான் போடணும். யாரும் கேக்காததாலதான் எல்லாரும் ஓடறாங்கன்னு நிர்வாகத்துல புது உத்தரவு.”

உள்ளே போய் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து, காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏம்மா போறீங்க?”

எழுந்து மேசையைச் சுற்றி எதிர் நாற்காலிக்கு ஓடினாள்.

“பாடம் நடத்தப் பிடிச்சுதான் மேடம் வந்தேன். இங்க அதைத் தவிர எல்லாம் செய்யச் சொல்றாங்க. பஸ்ல பசங்க தலையை எண்ணுன்னாங்க, எண்ணினேன். வீடு வீடாப் போய் அட்மிஷனுக்கு ஆள் சேர்த்துட்டு வான்னாங்க, போனேன். என் பொண்ணைத்தான் பாக்க முடியலை.”

மறுபடியும் இந்தப் பக்கம் வந்தாள்.

“நியாயம்தான். ஆனா மூணாம் வருஷத்துக்குப் பரீட்சை வருது. நீங்களும் போயிட்டா வகுப்புக்கு யாரு போறது, நானா?”

“வேற ஆள் போடுங்க மேடம்!”

“ஆள் எங்கம்மா கிடைக்குது? இந்த நாற்காலியில உட்கார்ந்து பாருங்க, தெரியும்!”

வெளியே அட்டெண்டருக்குச் சத்தம் ஏறுவது கேட்டது. கதவு அறைந்து திறந்தது. கண் சிவந்து வெளியே வந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“பரீட்சை முடியட்டும்னுட்டாங்க.”

“மனசை விடாதீங்கம்மா. இவங்க மட்டும் இங்க நிலைச்சுடப் போறாங்களா? அடுத்தவங்க வந்ததும் குடுங்க.”

கணவன் போன் செய்தான். “திங்கட்கிழமை வந்துடுவேல்ல? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா.”

“இல்லைங்க. புது முதல்வர் விடமாட்டேங்கிறாங்க. சரியான அழுத்தக்காரி.”

“என்ன பொம்பளை அது? அவங்களுக்குக் குடும்பம் குட்டி இல்லையா?”

“இருக்கு,” என்றாள். “அவங்க பொண்ணும் கேட்டுக்கிட்டேதான் இருக்காளாம்.”