ஒன்னியின் சட்டையை யார் வெட்டுவது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேவாலயம் நடத்தும் பழைய துணி, பாத்திரக் கடையில் நல்ல வாணலி ஏதாவது வந்திருக்கிறதா என்று கிளறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வரிசையிலிருந்து முடி கருகும் நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தால், என் பக்கத்து வீட்டு மார்லிஸ் ஒரு பேன்ட்டின் ஓரத்தில் உருவிய நூலை லைட்டரில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கம்பளிதான்டி. சுத்தக் கம்பளி," என்றாள். "ஆனா ஏதோ பனைமரம் மாதிரி நெட்டையனோடது. சனியன்."

(பனைமரம் என்று அவள் சொல்லவில்லை. மிச்சிகனின் வடகோடியில் பனைமரத்துக்கு எங்கே போவது? அவள் சொன்னது வேறு மரம். கதையை எழுதுவது நான் என்பதால் பனையை நட்டுவிட்டேன்.)

நூல் உருகி உருண்டையானால் செயற்கை. முடிபோலக் கருகினால் கம்பளி. இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நவம்பர் விடியலில் காடு ஒரு" (விட்டுவிட்டேன். காடு எதுபோல இருந்தது என்று ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

"மார்லிஸுக்கு ஒரு நோய் இருந்தது. குளிரில் விரல்கள் வெளுத்து" (வாசித்துக் காட்டியபோது கத்தினாள். "நோயாம் நோய்! குளிர்னா விரல் மரத்துப்போகும். அவ்வளவுதான். என்னை நோயாளி ஆக்குன, மவளே, கதையே வேணாம்.")

ஆகவே நேராகவே சொல்கிறேன். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம். நவம்பரில் மான் வேட்டைக் காலம் திறக்கும் நாள் அவளுக்குப் பண்டிகை. குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக் கறி அந்த ஒரு மான்தான். ஆனால் சில வருடங்களாக, மரத்தின்மேல் கட்டிய வேட்டைப் பரணில் உட்கார்ந்தால் விரல் நுனி வெளுத்து, துப்பாக்கி விசை எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய்விடுகிறது. மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறாள். போன வருடம் அவளுடைய அண்ணன் டேல் சொல்லிவிட்டார்: "சதுப்புக்காட்டுப் பரண் நம்ம வேட்டைக் கேம்புலயே நல்ல பரண். அடுத்த வருஷமும் இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கி வந்தேன்னா, என் மருமகனுக்குக் குடுத்துருவேன். சொல்லலன்னு சொல்லாதே."

பரணைத் தக்கவைக்க அவளுக்கு வேண்டியதெல்லாம் சூடான துணி. இதை வைத்து ஒரு கதையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

பெரிய கடையில் பெண்களுக்கான வேட்டை உடுப்பு இருக்கிறது. ரோஜா நிற விளிம்பு வைத்து, பேருந்து ஓட்டுகிறவள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டிய விலையில். மார்லிஸ் ஒன்றைப் போட்டுக் கையை மடக்கினாள். சரசரவென்றது.

"கேட்டியா? சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள உக்காந்து வேட்டையாடச் சொல்றானுங்க."

ராணுவத்தில் கழித்துக்கட்டிய துணி விற்கிற கடைக்கும் போனோம். ஏதோ ஒரு நாட்டுச் சிப்பாயின் கம்பளிக் காற்சட்டை அவள் அக்குள்வரை வந்தது. பருத்தியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடக்கும்போது வியர்வையைக் குடித்துவிட்டு, உட்கார்ந்ததும் அதையே பனிக்கட்டியாகத் திருப்பித் தருமாம். கம்பளி நனைந்தாலும் சூடு விடாது, சத்தமும் போடாது.*

* இந்தக் குறிப்பு கதைக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓர் ஆட்டின் மயிர், ஆடு போன பிறகும், முன்பின் பார்த்திராத ஒருத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்து வணிக வளாகத்தின் நடுவில் நான் அப்படியே நின்றுவிட்டேன். மார்லிஸ் "நகருடி, வழிய விடு" என்றாள்.

நல்ல கம்பளி பழைய துணிக்கடைக்கு எப்போது வரும்? வேட்டைக்காரர் யாராவது இறந்தால் வரும். உயிரோடு இருக்கிறவர் யாரும் அதைக் கழிப்பதில்லை. ஊரில் அந்த வருடம் இறந்தவர்கள் எல்லோரும் நெட்டையர்கள். மார்லிஸ் இரங்கல் செய்திகளில் போட்டோவைத்தான் முதலில் பார்த்தாள். அப்படிப் பார்ப்பதற்கு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தாள்.

4

இங்கே ஒன்னி வருகிறார். மார்லிஸின் சித்தப்பா, எண்பதைத் தாண்டியவர், அவளைவிடக் கைவிரல் அளவுக்குத்தான் உயரம். சனிக்கிழமை அவர் வீட்டில் சானா, அதாவது நீராவிக் குளியல். வெந்து சிவந்து, துண்டோடு வெளியே வந்த மார்லிஸ் கார் நிறுத்தும் கொட்டகையில் மாட்டியிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கனமான சட்டை. பின்பக்கம் நீளமாகத் தொங்கி, உட்கார்ந்தால் இடுப்பையும் மூடும். வேட்டைத் துணியை வீட்டுக்குள் கொண்டுபோகவே மாட்டார்கள், சமையல் வாசம் ஒட்டிக்கொள்ளும் என்று. (நான் தாளித்த கையோடு அந்தக் கொட்டகைக்குள் நுழைய எனக்குத் தடை. "உன் வாசத்தோட போனா மான் பக்கத்து மாவட்டத்துக்கே ஓடிரும்" என்பார் ஒன்னி.)

"என்ன, அளவெடுக்கிறியா? இன்னும் சாகலம்மா நான்."

"ஐயோ சித்தப்பா, சும்மா பாத்தேன்."

"சும்மாவா? குள்ளமான ஆளுங்க துணி வந்தா சொல்லுன்னு கடைக்காரிகிட்ட சொல்லி வச்சியாமே. இந்த ஊர்ல என்னை விட்டா குள்ளன் எவன் இருக்கான்?"

மார்லிஸ் அழுதுவிட்டாள் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. காது மட்டும் சிவந்தது, அதுவும் சானாவினாலா தெரியாது. ஒன்னி சட்டையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

"போட்டுக்க. எனக்கு இந்த வருஷம் அடுப்புப் பக்கத்துலதான் வேட்டை. நெஞ்சுக்கு முடியல."

அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. கதைகளில்தான் இப்படிப் பொருந்தும் என்று எனக்கே சந்தேகம். ஆனால் பொருந்தியது.

5

இந்தச் சட்டை கிடைப்பதற்கு முன்பு, அவளோடு பரணில் ஒருமுறை நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதை எழுதாமல் போனால் அவள் ஏன் இவ்வளவு அலைந்தாள் என்பது உங்களுக்குப் புரியாது.

விடியவில்லை. பனி விழும் சத்தம் கேட்டது. காய்ந்த இலைமேல் பனி விழுந்தால் சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெளிச்சம் வந்தபோது, ஒவ்வொரு மரமாக யாரோ கொண்டுவந்து நிறுத்துவதுபோல வந்தது. மார்லிஸ் அசையவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை பறந்து வந்து அவள் துப்பாக்கிக் குழாயில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது, சிறகைக் கோதியது, போயிற்று. நான் மூச்சுவிட மறந்தேன். எனக்குக் கோயிலில்கூட அப்படி நேர்ந்ததில்லை.

அரைமணி நேரத்தில் எனக்குப் பல் கிட்டித்தது, அவளுக்கு விரல் வெளுத்தது. இறங்கினோம். அசையாமல் இருப்பவருக்கு மட்டுமே காடு தன்னைக் காட்டுகிறது. அசையாமல் இருக்கக் கம்பளி வேண்டும்.

6

திறப்பு நாள். காட்டுக்குள் இருக்கும் கேம்பு வீட்டில் நான் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஒன்னி பேஸ்டி என்ற கறி அடைத்த ரொட்டிக்கு மாவு பிசைந்தார். மார்லிஸ் வழியில் வியர்க்காமலிருக்க மெல்லிய உள்சட்டையோடு, கம்பளிச் சட்டையை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு நடந்துபோய், பரண் ஏறிய பிறகுதான் போட்டுக்கொண்டாள். அதற்குமேல், மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகச் சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கி. காலை கழிந்தது, அவள் இறங்கி வரவில்லை. மதியமும் வரவில்லை. ஒன்னி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு வெடிச் சத்தம்.

சுட்டால் இறங்கிப் பார்க்கலாம், அது டேலின் கணக்கில் வராது. கொஞ்ச நேரத்தில் மார்லிஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இறங்கித் தேடியிருக்கிறாள், பனியில் ரத்தம் இல்லை. குண்டு தேவதாரு மரத்தில் பாய்ந்திருந்தது.

"தப்பிருச்சு," என்றாள்.

தன் பரணிலிருந்து வந்து சேர்ந்த டேல் இழுப்பறையைத் திறந்து கத்தரியை எடுத்தார்.

7

இந்தக் கேம்பின் சட்டம் இது. சுட்டுத் தவறினால், அப்போது போட்டிருந்த சட்டையின் பின்தொங்கலை வெட்டி, பேரும் வருடமும் எழுதிச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும். யாருக்கும் விலக்கில்லை. டேலின் துணிகளே மூன்று தொங்குகின்றன. அதனால் எல்லோரும் திறப்பு நாளில் கந்தல் ஒன்றை மேலே போட்டுக்கொள்வார்கள். மார்லிஸ் போடவில்லை. தான் தவறுவோம் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அண்ணே, இதுல கைய வைக்காத. இடுப்பு தொறந்து போச்சுன்னா காத்து உள்ள பூந்துரும். ஒரு மணி நேரத்துல இறங்கிருவேன். அப்புறம் நீ பரணையும் புடுங்கிக்குவ."

"பரண் பேச்சு வேற, சட்டை பேச்சு வேற."

"சித்தப்பாவோட சட்டை இது! அவரு ஒரு தடவைகூடத் தவறினதில்ல. வெட்டாத சட்டை."

எல்லோரும் ஒன்னியைப் பார்த்தோம். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினார்.

"வெட்டு," என்றார். "தவறினதில்ல, தவறினதில்லன்னு நீங்கதான் பெருமையாச் சொல்றீங்க. இந்தச் செவுத்துல எங்க அண்ணன் இருக்கான். செத்துப்போன எல்லாப் பயலும் இருக்கான். நான் போன பிறகு என்னை இங்க தேடுனா என்ன இருக்கும்? ஒரு ஆணி இருக்குமா?"

(இந்த வசனத்தை நான் சந்தேகிக்கிறேன். இவ்வளவு சரியாக யாராவது பேசுவார்களா? ஆனால் பேசினார். நான் வெங்காயக் கையோடு நின்று கேட்டேன்.)

8

முடிவுகள்.

அ) வெட்டினார்கள். ஒன்னியின் சட்டைத் துண்டு சுவரில் ஏறியது. மார்லிஸ் மறுநாள் நடுங்கிக்கொண்டு இறங்கினாள், பரண் மருமகனுக்குப் போயிற்று.

ஆ) வெட்டவில்லை. மார்லிஸ் கடைசி நாள்வரை உட்கார்ந்தாள். ஒன்னி அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இ) வெட்டிவிட்டு, போர்வைத் துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்து

(இதை வாசித்துக் காட்டியபோது மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருடி தைப்பா? நீயா? உனக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது.")

அப்போதுதான் கேட்டேன். ஒன்னிக்காக வேண்டுமென்றே தவறவிட்டாயா?

"லூசாடி நீ? குளிர்காலக் கறி அது." தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "விரல் சூடாவே இருந்துச்சு. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் விசை எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. குளிரு மேல பழி போட முடியாது. அது வந்து நின்னுச்சு. கொம்பு மேல பனி. மூச்சு விட்டுச்சு பாரு, அந்தப் புகை என் பக்கம் வந்துச்சு. இத்தனை நேரம் உக்காந்ததே இல்லையே, இப்படி ஒண்ணு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது. கை ஆடிருச்சு." பிறகு, "இதை எழுதாத," என்றாள்.

9

நிஜத்தில் நடந்தது இதுவரைதான் சொல்வேன். மார்லிஸ் வெட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தாள், ஒன்னியைப் பார்த்தாள். மேலங்கியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றாள். டேலுக்குக் கை வரவில்லை. கத்தரியை என் பக்கம் நீட்டினார்.

"நீ வெட்டு. நீதான் சுட்டதும் இல்ல, தவறினதும் இல்ல."

வாங்கிக்கொண்டேன். இந்தக் கதையை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அது என் கையில்தான் இருக்கிறது. என்னால் முடியவில்லை, உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் மொட்டைக் கத்தரி, கம்பளியோ தடிமன், அழுத்தித்தான் வெட்ட வேண்டும். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது, பரண் காலியாக இருக்கிறது. உங்களுக்கு வசதியாக ஒன்னி பின்தொங்கலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறார். தொட்டுப் பாருங்கள், அவள் உடம்பின் சூடு அதில் இன்னும் இருக்கிறது.