கேம் சத்தம்

வெற்றிவேலை வெட்டிக் கொன்ற அன்றைக்குத் தெருவில் யாரும் கதவைத் திறக்கவில்லை. முதலியார்பேட்டையில் சின்னத் தெரு அது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். ஏட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

"கேம் கடைச் சத்தம்னு நெனச்சிட்டோம் சார். அங்க எப்பவும் குண்டு வெடிச்சிக்கினேதான் இருக்கும்."

ஹேமலதா அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுடைய கட்டிலுக்கு அடியில் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு ஊஃபரும் பழைய புடவையில் சுற்றிக் கிடந்தன. அவற்றை அங்கே கொண்டு வைத்தவன் அவள் புருஷன் வெற்றிவேல். வைக்கச் சொன்னது இந்தத் தெரு.

மேட்டுப்பாளையத்தில் தான் வேலை பார்த்த, மானிட்டர் பூட்டுகிற கம்பெனியை இழுத்து மூடியதும் வெற்றிவேல் பழைய கம்ப்யூட்டர்களாகப் பார்த்து ஆறு வாங்கினான். வீட்டின் முன்னறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டு, ஆறையும் வயரில் கோர்த்து, கேம் கடை திறந்தான். இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் கடை. பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரே ஆட்டத்துக்குள் நுழைவார்கள். ஒருவனை ஒருவன் தேடிப்பிடித்துச் சுடுவார்கள். செத்தவன் அந்த ஆட்டம் முடிகிறவரை மற்றவர்கள் சாவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். முடிந்ததும் எல்லாரும் எழுந்துகொள்வார்கள். வெற்றிவேல் சாப்பிட உள்ளே போனால் ஹேமலதா கடையைப் பார்த்துக்கொள்வாள். ஆள் குறைந்தால் அவளே உட்கார்ந்து ஆடுவாள். நன்றாகவே சுடுவாள்.

ஸ்பீக்கர் வெற்றிவேல் தானே மரப்பெட்டி அடித்துச் செய்தது. அதுதான் வம்பாகிப் போனது. ஆட்டத்தில் ஒரு குண்டு வெடித்தால் எதிர்வீட்டு மாடிவரை ஜன்னல் கம்பி அதிரும். அந்த மாடியில் பலராமன் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அந்தத் தேசத்துப் பென்ஷன் வாங்குகிறவர். வீட்டுக்கே சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பெயர். தெரு அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடும். குண்டு வெடித்த மறு நிமிஷம் அவர் கைத்தடியால் மாடிக் கம்பியைத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு மற்ற கதவுகளும் திறக்கும். பக்கத்து வீட்டு செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பாள்.

"டேய் வெற்றி, இன்னிக்கு உன் கடையில எத்தினி பேர் செத்தானுங்க?" என்பார் பலராமன்.

"எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போயிட்டானுங்க முசே."

"அதான்டா தப்பு. நான் அல்ஜீரியாவுல சுட்டவன் ஒருத்தனும் எழுந்து வரலை. சுட்டா சாவான்னு தெரிஞ்சவனுக்குத் துப்பாக்கியைத் தொடக் கை கூசும். எழுந்து வருவான்னு பழகினவனுக்கு எங்க கூசும்? நாளைக்கு இவனுங்கதான் கத்தி எடுக்கப்போறானுங்க."

"எழுந்து வந்தாதான முசே அது விளையாட்டு? கபடியில அவுட்டானவனை நாம என்ன பொதைச்சிட்டா வர்றோம்?"

கூட்டம் சிரிக்கும். செல்வாம்பாள் மட்டும் சிரிக்கமாட்டாள். "உனக்குப் பேச்சுக்கு என்னா குறைச்சல். எம் புள்ள கலைவாணன் சோத்துத் தட்டையே ரெண்டு வெரலை நீட்டிச் சுடறான்."

"கொழம்புல உப்பு போட்டுப் பாரு செல்வாக்கா, சுடமாட்டான்."

கடைசியில் மாரியம்மன் கோயில் வாசலில் பேச்சுவார்த்தை நடந்தது. கடையையே மூட வேண்டும் என்றார் பலராமன். பத்திரிகையில் டாக்டர் ஒருவர் எழுதியதை வெட்டி எடுத்து வந்து படித்துக் காட்டினார். பிறகு ஆளுக்கு ஆள் பேசி, ஸ்கூல் யூனிஃபார்மோடு யாரையும் சேர்க்கக் கூடாது, சத்தம் வெளியே ஒரு பொட்டும் வரக் கூடாது என்று முடித்தார்கள். வெற்றிவேல் கற்பூரத்தை அணைத்து சத்தியம் பண்ணினான். தெருவே சுற்றி நின்று பார்த்தது. அன்று சாயங்காலமே ஸ்பீக்கர்கள் கட்டிலுக்கு அடியில் போயின. ஹெட்போன் வந்தது.

அதன்பிறகு கடை ஊமையாகிவிட்டது. ஆறு பேர் காதை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சுட்டுக்கொண்டார்கள். செல்வாம்பாளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "சத்தம் இருந்தாலாவது உள்ள என்னா நடக்குதுன்னு தெரியும்," என்றாள்.

அப்படி ஊமையாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அது நடந்தது.

தெரு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. ஹேமலதா பின்கட்டில் மீன் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குள்ளிருந்து யாரோ ஒருவன் வீட்டுக்குள் ஓடிவந்து நடுக்கதவைச் சாத்தித் தாழிட்டான். பக்கத்துப் பேட்டைக்காரன், எங்கோ பார்த்த முகம். ஒரு காது பாதி அறுந்து தொங்கியது. சட்டையின் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். அவளைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்கி, அப்படியே பின்சுவரில் தாவி ஏறி அந்தப் பக்கம் குதித்தான். சுவரில் அவன் கை பதிந்த இடம் சிவப்பாக இருந்தது.

வாசல் பக்கம் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெற்றிவேல் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"உள்ள பசங்க இருக்காங்க. டேய், பசங்க இருக்காங்கடா."

ஷட்டரை அவன் உள்ளேயிருந்து இறக்கவில்லை. வெளியே நின்று இறக்கியிருந்தான்.

முதல் குண்டுக்கு அடுக்களையில் பரணிலிருந்த பாத்திரமெல்லாம் கீழே வந்தது. ஹேமலதா சுவரில் மோதி விழுந்தாள். எழுவதற்குள் இரண்டாவது குண்டு. அதற்குப் பிறகு வந்த சத்தம் சின்னது. இரும்பு தகரத்தில் விழுகிற சத்தம். திரும்பத் திரும்ப விழுந்தது. நடுநடுவே தகரத்தில் படாமல் விழுந்த சத்தமும் இருந்தது. அதைத்தான் அவளால் பின்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக் கதவின் மேல்தாழ்ப்பாள் இறுகியிருந்தது. சட்டியை எடுத்து அடித்துத் திறந்தாள். வெளியே ஒரே புகை. வெடிமருந்து நாற்றம் தொண்டையை அடைத்தது. முனையில் இரண்டு பைக்குகள் திரும்பின. முதுகுகள்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

வெற்றிவேல் ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தடுக்கத் தூக்கிய வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. குண்டில் வைத்துக் கட்டிய ஆணிகள் நெஞ்சில் ஏறியிருந்தன. கழுத்தில் விழுந்த வெட்டை அவள் முந்தானையால் அமுக்கினாள். விரல்களுக்கு இடையில் சூடாக வந்துகொண்டே இருந்தது. உள்ளேயிருந்து பையன்கள் ஷட்டரை அடித்தார்கள். "அண்ணா, தொறங்கண்ணா," என்று கலைவாணன் அழுதான். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வெற்றிவேலின் உடம்பு குலுங்கியது.

"தொறக்காத," என்றான் வெற்றிவேல். அவ்வளவுதான் பேசினான்.

ஹேமலதா தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. எதிர் மாடியிலிருந்து செய்தித்தாளின் ஒரு தாள் மட்டும் கழன்று ஆடி ஆடிக் கீழே வந்து, ரத்தத்தின் ஓரமாக விழுந்து ஊறியது. மாடியில் யாரும் இல்லை. ஆட்டோ வருவதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

காதறுந்தவன் அதன்பிறகு ஊரிலேயே இல்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைக்குள் இருந்த பையன்கள் ஷட்டருக்குப் பின்னால் என்னத்தைப் பார்த்திருக்க முடியும்? செல்வாம்பாள் கலைவாணனை மறுநாளே திண்டிவனத்துக்குத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பேப்பரில் "கேம் சென்டரில் தகராறு: உரிமையாளர் படுகொலை" என்று வந்தது. வெட்டியது யார் என்று தெருவுக்கே தெரியும். இரண்டு தெரு தள்ளியிருக்கிற காத்தவராயனும் அவன் ஆட்களும். காதறுந்தவனோடு அவனுக்கு வெகுநாள் பகை. ஆனால் ஏட்டின் தாளில் காத்தவராயன் பெயர் இல்லை. விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் அடையாளம் தெரியாதவர்கள் வெட்டியிருக்கலாம் என்றுதான் இருந்தது.

"ஸ்பீக்கரைக் கழட்டிட்டோம் சார். கடையில சத்தமே கெடையாது," என்றாள் ஹேமலதா.

"நீ சொல்றம்மா. தெருவே வேற சொல்லுது. ஒருத்தராவது பார்த்தேன்னு வரணும். வந்தா எழுதிக்கிறேன்."

யாரும் வரவில்லை. வேறு காரியத்துக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்துக் கேம் கடைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி ஒரு மனு தயாரானது. முதல் கையெழுத்து பலராமனுடையது. இரண்டு நாள் கழித்துப் பெண்கள் உலக்கையும் கடப்பாரையுமாகக் கடைக்குள் புகுந்தார்கள். செல்வாம்பாள் முன்னால் நின்றாள். மானிட்டர் ஒவ்வொன்றாக வெடித்தது. கண்ணாடி பட்டு அவள் நெற்றியில் ரத்தம் வழிந்தது, துடைக்காமல் அடித்தாள். "இந்தச் சனியன்தான் அவனைத் தின்னுச்சு ஹேமா, இந்தச் சனியன்தான்," என்று அழுதுகொண்டே அடித்தாள். ஹேமலதா அவள் கண்ணைப் பார்க்க முயன்றாள். செல்வாம்பாள் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவே இல்லை.

வெற்றிவேல் பழுது பார்த்து முடித்து உள்ளறையில் மூடி போடாமல் வைத்திருந்த ஒன்று மட்டும் மானிட்டரோடு தப்பியது.

கருமாதி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, தெரு படுத்திருக்கிற அதே நேரத்தில் ஹேமலதா அதைத் தூக்கிவந்து வாசற்படிக்கு உட்புறம் வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்பீக்கர்களை எடுத்துப் புடவையைப் பிரித்தாள். இரண்டையும் தெருவைப் பார்க்க, ஷட்டருக்கு முன்னால் வைத்தாள். ஷட்டரில் அரிவாள் இறங்கிய பள்ளங்கள் அப்படியே இருந்தன. ஆளில்லாமல் கம்ப்யூட்டரே இரண்டு கட்சிக்கும் ஆடுகிற மாதிரி ஆட்டத்தைப் போட்டாள். சத்தத்தைக் கடைசிவரை திருகினாள்.

துப்பாக்கி சடசடத்தது. குண்டு வெடித்தது. எதிர் மாடியில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

உடனே கைத்தடி மாடிக் கம்பியில் விழுந்தது. கதவுகள் திறந்தன. செல்வாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டே முதல் ஆளாக வந்தாள். "யாருடி அது, மறுபடியும் ஆரம்பிச்சி..." என்று வந்தவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற ஹேமலதாவைப் பார்த்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் தெரு மொத்தமும் வந்து நின்றது.

"இதான் கேம் சத்தம்," என்றாள் ஹேமலதா. "இதுக்கு ஒரு நாளும் நீங்க வராம இருந்ததில்ல. இப்பகூட ஓடி வந்துட்டீங்க. அன்னிக்கு ஒருத்தர்கூட வரல. அது கேம் இல்லன்னு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது."

ஆட்டத்துக்குள் யாரோ செத்தான். செல்வாம்பாள் செருகிய முந்தானையை இழுத்து விட்டாள். பலராமன் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முனை டீக்கடையிலிருந்து ஒரு பைக் வந்தது. காத்தவராயனோடு திரிகிற முருகையன். பைக்கை நிறுத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான்.

"என்னாக்கா, ஓசியில படம் காட்டறியா?"

ஒரு ஸ்பீக்கரை உதைத்தான். மரப்பெட்டி பிளந்து உருண்டது. மற்றது அலறிக்கொண்டே இருந்தது. ஹேமலதா அதை மறைத்து நின்றாள். அவள் கொண்டையைப் பிடித்து அவள் முகத்தை ஷட்டரில் மோதினான். தகரம் அதிர்ந்தது. இன்னொரு முறை மோதினான். அவளுடைய உதடு கிழிந்தது. பழைய பள்ளம் ஒன்றில் அவள் ரத்தம் வழிந்தது. தெரு பார்த்துக்கொண்டு நின்றது. இந்த முறை எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கேம் சத்தம் என்று நினைத்தோம் என்று சொல்ல முடியாது.

"முருகையா, அவளை விட்றா."

குரல் மாடியிலிருந்து வந்தது. முருகையன் நிமிர்ந்து பார்த்தான். "உள்ள போ முசே. வயசான காலத்துல பென்ஷனைத் தின்னுட்டு படு."

"அன்னிக்கு உள்ள போனேன்டா," என்றார் பலராமன். "பேப்பர் படிச்சிக்கினு இங்கதான் உக்காந்திருந்தேன். குண்டைப் போட்டவன் காத்தவராயன். கையை வெட்டினவன் நீ. கழுத்துல வெட்டினவனும் காத்தவராயன்தான். பார்த்துட்டு உள்ள போய்க் கட்டிலுக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கினேன். என் காலு எழும்பலை. இந்தப் பசங்களுக்குக் கை கூசாதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான். கூசாதவன் நீடா. நீ ஒரு நாளாவது இந்தக் கடைக்குள்ள காலை வெச்சிருக்கியா?"

முருகையன் ஹேமலதாவை விட்டான். இடுப்புக்குக் கை போனது. சுற்றிப் பார்த்தான். யாராவது ஒருவர் உள்ளே போவார், பின்னாலேயே எல்லாரும் போவார்கள் என்று அவன் காத்திருந்த மாதிரி இருந்தது. செல்வாம்பாள் தன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, உடைந்த ஸ்பீக்கரின் பலகை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எம் புள்ள உள்ள இருந்தான்டா," என்றாள். "வெற்றி ஷட்டரை எறக்கலைன்னா எம் புள்ள..."

முருகையன் காறித் துப்பிவிட்டு, "ராத்திரி வரேன்," என்று சொல்லி பைக்கை எடுத்தான்.

பலராமன் படியிறங்கி வர வெகுநேரம் ஆனது. சட்டை போட்டு, பட்டனை எல்லாம் சரியாகப் பூட்டிக்கொண்டு வந்தார். ஹேமலதாவின் முகத்தைப் பார்க்காமல், "ஸ்டேஷனுக்குப் போலாம் வா," என்றார்.

"சத்தத்தை நிறுத்து ஹேமா," என்றாள் செல்வாம்பாள்.

ஹேமலதா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு உள்ளே போனாள். திரையில் ஆட்டம் முடிந்து, செத்தவர்கள் எல்லாரும் எழுந்து மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.