மஞ்சள் வைத்த கட்டில்

கடைக்காரன் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. மரச்சாமான் கடைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். மூத்தவள் வசுமதி கல்யாணத்துக்குத் தேக்குக் கட்டிலைக் காட்டிவிட்டு, பேர் தெரியாத மரத்தில் செய்ததை அனுப்பினான் ஒரு பாவி. மூன்றே மாதத்தில் கால் உடைந்தது. "உங்க அம்மா வூட்டு சீரு இவ்ளோதானா?" என்று அவள் மாமியார் ஆரம்பித்தது எட்டு வருஷமாகியும் ஓயவில்லை. ஆவணியில் சின்னவள் பிரபாவுக்குக் கல்யாணம். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டுவிடக் கூடாது.

அதனால்தான் செங்கல்பட்டில் புதிதாகத் திறந்த மூன்று மாடிக் கடைக்கு, ஆடித் தள்ளுபடியில், மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு போனேன். உள்ளே தேர்க்கூட்டம். விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில் ஒரு குடும்பம் புளிச்சோறு பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முனிசாமி ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். பிரபா மட்டும் பேசாமல் என் பின்னால் வந்தாள்.

இரண்டாவது மாடியில் ஒரு கட்டிலைத் தட்டிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், அடியில் படுத்தும் பார்த்தேன். தேக்கேதான். ஆனால் கடை ஆள் தாமோதரன் சிரித்த சிரிப்பு பிடிக்கவில்லை.

"இதே மாதிரி புதுசு குடோன்லேந்து வந்துடும்மா."

"அந்தக் கதையே வாணாம் நைனா. எனக்கு இதேதான் வோணும்."

அவன் தலை மறைந்ததும் நான்கு காலிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். இனி எப்படி மாற்றுவான், அதையும் பார்ப்போம் என்று பிரபாவோடு பில் போடப் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் போயிற்று. திரும்பி வந்தால் கட்டிலைக் காணோம்.

"எங்கய்யா என் கட்டிலு? மாத்திட்டீங்களா?" மாடியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

தாமோதரன் ஓடி வந்தான். "அது பழசும்மா. கால்ல மஞ்சா குங்குமம் கீது. யாரோ வூட்ல பூச போட்டுட்டு திருப்பி அனுப்பிகீறாங்க. வேற ஒரு அம்மா பாத்துட்டு சண்டைக்கு வந்துட்டாங்க. அதான் ஓரமா தள்ளிட்டோம்."

"அது நான் வெச்சதுய்யா," என்றேன். மானமே போயிற்று.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கட்டிலைத் தேடிப் பிடித்து, முந்தானையால் துடைக்க உட்கார்ந்தேன். புதுச் சம்பந்தியம்மா கண்ணில் பட்டால் பழைய கட்டில் என்றுதானே சொல்வாள். தேய்க்கத் தேய்க்கக் கறை போகவில்லை.

பிரபா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அதிகம் வாய் திறக்க மாட்டாள்.

"அக்காவ பேசுனது கட்டிலு இல்லமா, அந்த வூட்டு ஆளுங்க. தேக்கே குடுத்திருந்தாலும் வேற எதுனா சொல்லியிருப்பாங்க. கட்டில இவ்ளோ பொரட்டிப் பாக்குறியே, நான் வாழப்போற வூட்ட இதுல பாதியாச்சும் பாத்தியா?"

என் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் போனது ஒரே ஒரு தடவை. ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லியிருந்தார். காபி குடித்தோம், சரி என்று சொன்னோம், ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்து வந்துவிட்டோம். அக்கம்பக்கத்தில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை.